சிப்பாயின் தோளில் ஏறிய துப்பாக்கிகள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதுமே, "நீ மெக்கானிக்கல்தானலே, சி.என்.சி. பத்தி எழுது" என்றான் என் பெஞ்சுக்காரன். போன மூன்று மலர்களிலும் சி.என்.சி. வந்துவிட்டது. (மூன்றும் ஒரே புத்தகத்திலிருந்து வந்தவை என்பது நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்!) ஆகவே நான் வேறு ஓர் எந்திரத்தை எடுத்துக்கொண்டேன். அதுவும் நம் பாடப்புத்தகத்துச் சரக்குதான். போரிங், லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ், ஹீட் ட்ரீட்மெண்ட், ஸ்பிரிங் என்று நாம் ஆறு செமஸ்டரில் படிப்பதெல்லாம் அதில் நாலு கிலோ எடைக்குள் அடங்கிவிடுகிறது. ராணுவச் சிப்பாயின் ரைஃபிளைத்தான் சொல்கிறேன்.

இந்த ஆசைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, போன வருஷ என்.சி.சி. முகாம். 25 கஜ தூரத்தில் குப்புறப் படுத்து .22 ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டேன். நாலு குண்டு அட்டையில் இருந்தது. ஐந்தாவது எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை! சுட்டு முடித்ததும் சுத்தம் செய்யச் சொன்னார்கள். புல்த்ரூ கயிற்றில் துணியைக் கோத்து இழுத்துவிட்டு, குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று முறுக்கிக்கொண்டு ஓடும் கோடுகள். அடடா, இதை எந்த டூல் போட்டு வெட்டியிருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது.

இரண்டாவது காரணம் எங்கள் தாத்தா. சேரன்மகாதேவிக்காரர். 1964இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, குன்னூர் பக்கத்து வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். காலையில் மாத்திரை போட்டதை மறந்துவிட்டு இன்னொரு தடவை போடப் போவார். ஆனால் தன் முதல் ரைஃபிளின் பட் நம்பரை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

குழாய்க்குள் ஓடும் அந்தக் காடிகளுக்குப் பெயர்தான் ரைஃப்லிங். ரைஃபிள் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. பம்பரம் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கும், வேகம் குறைந்ததும் தலை சாயும் அல்லவா? குண்டும் அப்படித்தான். சுற்றிக்கொண்டே போனால் மூக்கு நேராக இருக்கும். சுற்றாமல் போனால் காற்றில் உருண்டு புரண்டு எங்கேயோ போய்விழும். பின்னால் வரப்போகும் த்ரீ நாட் த்ரீ ரைஃபிளில் 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. குண்டு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 744 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு ஏறத்தாழ 2,900 சுற்று. நம் லேத் பாஷையில் சொன்னால் ஒன்றே முக்கால் லட்சம் ஆர்.பி.எம்.! நம் வொர்க்‌ஷாப் லேத் ஆயிரத்தைத் தாண்டினாலே இன்ஸ்ட்ரக்டர் ஓடி வந்துவிடுகிறார்.

இந்தக் காடி இல்லாத காலத்தை நம் மண்ணிலேயே பார்க்கலாம். 1799இலும் 1801இலும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய கும்பினிப் படையின் தோளில் இருந்தது 'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கட். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பிடிக்கும், முக்கால் அங்குலத் துளை, உள்ளே வழுவழுப்பான குழாய். நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதனால்தான் வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டார்கள். எதிரே நீண்ட ஈட்டியும் திரித்துப்பாக்கியுமாக நின்றவர்கள் 1801 மார்ச் 31 அன்று அந்த வரிசையைத் திருப்பி அனுப்பினார்கள். பீரங்கிகளைப் பெருக்கிக்கொண்டு வந்து மே 24இல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அந்தப் படைகளுக்கெல்லாம் தளமாக இருந்தது நம் பாளையங்கோட்டை. மேடை போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிறோமே, அது அந்தக் கோட்டையின் மிச்சம்தான்.

ரைஃப்லிங் அப்போதே தெரிந்த வித்தைதான். ஆனால் ஒரு சிக்கல். குண்டு காடியைப் பிடிக்க வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய்வழியாக இடித்து இறக்க நேரமாகும். சண்டையில் யார் காத்திருப்பார்? 1849இல் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி இதற்கு வழி சொன்னார். அடியில் குழிவாக உள்ள ஈயக் குண்டு. இறங்கும்போது தளர்வாக இறங்கும். வெடித்ததும் அடிப்பாகம் விரிந்து காடியைக் கவ்வும். உள்ளே போகும்போது கிளியரன்ஸ் ஃபிட், வெளியே வரும்போது இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்! வைவாவில் உதாரணம் கேட்டால் இதைச் சொல்லலாம்.

இந்தத் தத்துவத்தில் பிறந்ததுதான் 1853 மாடல் என்ஃபீல்டு. துளை .577 அங்குலம், மூன்று காடி. லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டு ஊரின் அரசுத் தொழிற்சாலைக்கு அமெரிக்காவிலிருந்து மெஷின்களை வரவழைத்து, ஒரு ரைஃபிளின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துமாறு செய்தார்கள். நாம் மெட்ராலஜியில் படிக்கிற 'இன்டர்சேஞ்சபிலிட்டி' பெரிய அளவில் கால் பதித்த இடங்களில் அதுவும் ஒன்று. (ஒரு கொசுறு: அந்தத் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்த தொடர்பால்தான் ராயல் என்ஃபீல்டு என்ற பெயரே வந்தது. 1955 முதல் திருவொற்றியூரில் செய்யப்பட்ட புல்லட்டுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.)

இந்த என்ஃபீல்டின் கொழுப்புத் தடவிய தோட்டாக் காகிதம் 1857இல் என்ன செய்தது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். படிக்காதது அதற்கு அடுத்த வருஷத்துக் கதை.

கலகம் அடங்கியதும் வெள்ளைக்காரன் யோசித்தான். இந்தியச் சிப்பாய் இல்லாமல் இந்தியாவை ஆள முடியாது. அவன் கையில் நல்ல ரைஃபிளைக் கொடுத்தால் நாளைக்கு நம்மையே சுடுவான். என்ன செய்வது? 1858இல் விடை கிடைத்தது. அதே என்ஃபீல்டு ரைஃபிளின் துளையை .577இலிருந்து .656 அங்குலத்துக்குப் பெரிதாக்கினார்கள். காடி முழுவதும் போய் மறுபடி வழுவழுப்பான குழாய். தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் பின்சைட்டையும் எடுத்துவிட்டு அசையாத சைட்டை வைத்தார்கள். வெளியே பார்த்தால் வெள்ளைச் சோல்ஜர் கையில் இருப்பதும் இந்தியச் சிப்பாய் கையில் இருப்பதும் ஒன்றே போல இருக்கும். உள்ளே இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்! அப்படிக் குடைந்ததில் குழாயின் சுவர் மெலிந்து புடைத்துக்கொள்ள, 1859இல் தடித்த சுவரோடு புதிதாகவே வழுவழு மஸ்கட் செய்தார்கள்.

முதல் வருஷ ஃபிட்டிங்கில் நானும் ஒரு ஓட்டையை அரை மில்லி கூட்டிக் குடைந்து ஜாப்பைக் குப்பையில் போட்டவன்தான். ஆனால் வேண்டுமென்றே, டிராயிங் போட்டு, ஆயிரக்கணக்கில் ஒரு ஜாப்பைக் கெடுத்த சரித்திரம் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு இதே கதை. வெள்ளைப் படைக்கு 1871 முதல் மார்ட்டினி–ஹென்றி வந்தபோது, அவர்கள் கழற்றிப்போட்ட ஸ்னைடர் நம்மவருக்கு வந்தது. அவர்கள் லீ–மெட்ஃபோர்டுக்கு மாறியபோது மார்ட்டினி நம்மவருக்கு. அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போடுவது மாதிரி, ஒரு தலைமுறை பின்னால். முதல் உலகப் போர் வந்ததும்தான் மனசு மாறியது. 1914இல் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய இந்தியச் சிப்பாய்களுக்கு அங்கேயே புது ரைஃபிள் கொடுத்தார்கள். ஜெர்மானியனை எதிர்த்துச் சாகப் போகிறவனுக்குப் பழசைக் கொடுத்து அனுப்பினால் நஷ்டம் யாருக்கு?

அந்தப் புது ரைஃபிள்தான் லீ–என்ஃபீல்டு, நம் ஊர் பாஷையில் த்ரீ நாட் த்ரீ. லீ என்பது ஜேம்ஸ் பாரிஸ் லீ, அதன் போல்ட்டையும் மேகசினையும் வடிவமைத்தவர். பத்து ரவுண்டு கொள்ளும். ஒவ்வொரு முறையும் போல்ட் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கிச் சுட வேண்டும். அப்படியும் 300 கஜத்தில் நிமிஷத்துக்கு 15 ரவுண்டு குறிபார்த்துச் சுடப் பயிற்சி கொடுத்தார்கள். வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலை 1904 முதல் ரைஃபிள் செய்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வேறு மாடலுக்குப் போன பிறகும் இச்சாப்பூர் பழைய மாடலையே செய்துகொண்டிருந்தது. ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ் எல்லாம் அந்த மாடலுக்குத்தானே இருக்கிறது? மாடலை மாற்றுவது என்றால் படத்தை மாற்றுவது அல்ல, பட்டறையையே மாற்றுவது.

அதன் விலையை 1962இல் கொடுத்தோம். சுதந்திரம் வந்து 15 வருஷம் ஆகியும் நம் காலாட்படையின் கையில் த்ரீ நாட் த்ரீ. எதிரே சீனர்களிடம் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களும் ஆட்டோமேட்டிக்குகளும். தோல்விக்கு ரைஃபிள் மட்டும் காரணமில்லை. குளிர் உடுப்பு இல்லை, ரோடு இல்லை, மேலிடத்துத் தவறுகள் ஏராளம். ஆனால் எதிரி விரலை மட்டும் அசைக்கும்போது நம் ஆள் நாலு வேலை செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் தாத்தாவின் தெருவிலேயே அப்படி நேஃபாவுக்குப் போய் வந்தவர் ஒருவர் இருந்தார். பனியில் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. தாத்தா அவரை 'அண்ணாச்சி' என்றுதான் சொல்லுவார். "அண்ணாச்சி அதிகம் பேச மாட்டாரு. ஒரே ஒரு தடவ சொன்னாரு. கை வெறச்சுப் போச்சுன்னா போல்ட்ட தூக்க முடியாதுலே, உள்ளங்கையால தட்டித் தட்டித்தான் தூக்கணும்னாரு. அப்ப எனக்குப் புரியல. ட்ரெயினிங்ல அதே த்ரீ நாட் த்ரீய கையில கொடுத்தான் பாரு, அன்னைக்குப் புரிஞ்சுச்சு."

1962க்குப் பிறகு வேகம் பிறந்தது. ரைஃபிள் இச்சாப்பூரில் இரண்டு வழியில் தயாரானது. ஒன்று, த்ரீ நாட் த்ரீயின் உடம்பையே இன்னும் நல்ல எஃகில் செய்து 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றிய 2ஏ. இது அவசரத்துக்கு. மற்றொன்று, எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியில் சைவ் என்பவர் வடிவமைத்த 'ஃபால்' ரைஃபிளின் இந்திய வடிவம். அந்த ஃபால் 90 நாடுகளுக்கு மேல் போயிருக்கிறது.

இந்த எஃப்.என். கம்பெனிக்கும் நம் ஜில்லாவுக்கும் அதற்கு முன்பே ஒரு சம்பந்தம் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்து பிரவுனிங் பிஸ்டல். பிரவுனிங் கடைசியாக முடிக்காமல் விட்டுப்போன பிஸ்டலை முடித்துக்கொடுத்தவர்தான் மேலே சொன்ன சைவ். தூத்துக்குடி போகிற ரயில் மணியாச்சியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

எஸ்.எல்.ஆர். எப்படி வேலை செய்கிறது? குண்டு குழாயில் போகும்போது அதன் பின்னால் தள்ளும் வாயுவில் கொஞ்சம் ஒரு சிறு துளை வழியாக மேலே திருப்பப்படுகிறது. அது ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ள, பிஸ்டன் போல்ட்டைப் பூட்டு விடுவித்துப் பின்னுக்குக் கொண்டுபோக, காலித் தோட்டா வெளியே தெறிக்க, ஸ்பிரிங் போல்ட்டை முன்னே தள்ள, அடுத்த தோட்டா அறைக்குள். நம் ஐ.சி. எஞ்சின் பாடம்தான், பவர் ஸ்ட்ரோக்கில் ஒரு பங்கைத் திருடிக்கொண்டு எக்ஸாஸ்டும் இன்டேக்கும் நடக்கிறது. மேகசினில் 20 ரவுண்டு. "ஏக் கோலி, ஏக் துஷ்மன்" என்பது அந்தக் காலத்துப் பாடம். ஒரு குண்டுக்கு ஒரு எதிரி.

இதற்குள் உலகம் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. ரஷ்யாவின் கலாஷ்னிகோவ் 1947இல் கொடுத்த ஏ.கே.யைப் பற்றிச் சினிமாவே போதுமான அளவு சொல்லிவிட்டது. நமக்குச் சுவையான விஷயம் வேறு. அதன் உடலைத் தகடு அழுத்திச் செய்யத்தான் முதலில் திட்டம். அழுத்தினால் தகடு கோணிக்கொண்டு ரிஜெக்ட் குவிந்தது. வேறு வழியில்லாமல் முழு எஃகுக் கட்டியை மில்லிங் செய்து சில வருஷம் ஓட்டினார்கள். பத்து வருஷம் கழித்து 1959இல்தான் ஏ.கே.எம். தகட்டுடலோடு சரியாக வந்தது. மேதை வரைந்த படமாக இருந்தாலும் பிரஸ் ஷாப் ஒத்துக்கொள்ள வேண்டும்!

அமெரிக்காவின் எம்16 கதை இன்னும் மோசம். ஸ்டோனர் வடிவமைத்தது நல்ல ரைஃபிள். அலுமினிய உடல், 5.56 மி.மீ. சிறு தோட்டா. வியட்நாமுக்கு அனுப்பும் முன் வெடிமருந்து வகையை மாற்றினார்கள். தோட்டா அறைக்குக் குரோம் பூச்சு வேண்டாம் என்று செலவைக் குறைத்தார்கள். சுத்தம் செய்யும் சாமான்கள்கூடப் பலருக்குப் போகவில்லை. விளைவு, ஈரத்தில் அறை துருப்பிடித்து, சுட்ட தோட்டா உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கழியை விட்டுக் குத்தி எடுக்கும் நேரத்தில் ஆள் செத்தான். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. பிறகு குரோம் பூசினார்கள், சரியானது. எலக்ட்ரோபிளேட்டிங் பாடத்தை 'இரண்டு மார்க் கேள்வி' என்று நாம் தாண்டிவிடுகிறோம்.

நம் சொந்த டிசைனுக்கும் அடி விழுந்தது. புனேயில் வடிவமைத்த 5.56 மி.மீ. இன்சாஸ், 1990களின் கடைசியில் படைக்கு வந்தது. 1999இல் கார்கில். உறைபனியில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, சுடும்போது சிக்கிக்கொண்டது, முகத்தில் எண்ணெய் தெறித்தது என்று புகார்கள் வந்தன. குளிரில் பொருள் நொறுங்கும் என்பதைக் காட்டத்தானே மெட்டீரியல்ஸ் லேபில் சார்பி டெஸ்ட் வைத்திருக்கிறார்கள்? மேகசினைப் பிறகு திருத்தினார்கள். ஆனால் ராணுவத்துக்கு அதன்மேல் விழுந்த அவநம்பிக்கை போகவே இல்லை. 2019இல் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் 716 ரைஃபிள்களுக்கு ஒப்பந்தம். 2021 டிசம்பரில் ரஷ்யாவோடு சேர்ந்து உத்தரப்பிரதேசத்து கோர்வாவில் ஆறு லட்சத்துக்கு மேல் ஏ.கே.203 செய்ய ஒப்பந்தம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இன்சாஸைக் கெட்ட பிள்ளை என்று ஒதுக்கியது சரியல்ல. எம்16க்குக் கொடுத்த அவகாசத்தையும் குரோமையும் அதற்கும் முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுப் பங்கு திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. 1966இல் தொடங்கியது. இன்சாஸ் அங்கேயும் தயாரானது, ஏ.கே. வகையில் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்று ஊர்ப் பெயரிலேயே ஒன்று வந்தது. நம் சீனியர்களின் கனவில் அந்த கேட் அடிக்கடி வரும், டிப்ளமோவுக்கு சார்ஜ்மேன் வேலை! 2021 அக்டோபரில் ஆர்டினன்ஸ் போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கிவிட்டார்கள். திருச்சி இப்போது கான்பூரைத் தலைமையாகக் கொண்ட கம்பெனியின் கீழ். அதற்குப் பின் வருகிற வேலை விளம்பரங்களைப் படிக்கும்போது 'கால வரையறை' என்ற சொல் கண்ணில் குத்துகிறது. ஒரு பேரலை எப்படித் தட்டிப் பார்த்து நேராக்குவது என்பதை வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டவரை, காலம் முடிந்தது என்று அனுப்பிவிட்டால் அடுத்தவருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. ராணுவம் கழற்றிய ரைஃபிள் குப்பைக்குப் போவதில்லை, போலீசுக்குப் போகிறது. 2008இல் மும்பை ரயில் நிலையத்தில் ஏ.கே.க்களுக்கு எதிரே நின்ற போலீஸ்காரர்கள் சிலரிடம் இருந்தது த்ரீ நாட் த்ரீ. உத்தரப்பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான். இது ஆயுதம் போதாத கதை. மிஞ்சிப்போன கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அன்று போலீஸ் கையில் எஸ்.எல்.ஆரும் இருந்தது. அரை கிலோமீட்டருக்கு அப்பால் பதுங்கு குழியில் இருக்கும் எதிரிக்காகச் செய்த தோட்டா, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்ற கூட்டத்துக்கு எதற்கு? இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பதில் இல்லை.

கட்டுரையை முடித்துவிட்டுத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். 1858 பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "குடைஞ்சா கொடுத்தான்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் தானாகவே சொன்னார்.

"எஸ்.எல்.ஆர். வந்தப்புறம் முதல் லீவுல ஊருக்கு வந்தேன். ஆத்துல குளிச்சிட்டு இருக்கும்போது அண்ணாச்சி வந்தாரு. புதுத் துப்பாக்கி கொடுத்திருக்கான் அண்ணாச்சி, விரல அமுக்குனா போதும், தன்னால ஏறிக்கிடும்னேன்."

"அவர் என்ன சொன்னாரு தாத்தா?"

"ஒவ்வொரு தடவையும் இழுக்க வேண்டாமான்னு கேட்டாரு. வேண்டாம்னேன். அப்படியான்னாரு. சோப்ப எடுத்துக்கிட்டு அந்தக் கையாலயே வேட்டியத் தொவைக்க ஆரம்பிச்சுட்டாரு."